645 பேரில் ஒருவர்: சிட்னி கப்பலின் பெயரற்ற மாலுமிக்குப் பெயர் கிடைத்த கதை

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் கடலில் இறந்த ஓர் ஆஸ்திரேலிய மாலுமியின் பெயரை 80 ஆண்டுகள் கழித்து மரபணு சோதனையில் கண்டுபிடித்தார்கள் என்று படித்தேன். அது எப்படி முடிந்தது? பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அந்தப் பெயரால் யாருக்கு என்ன லாபம்? நம் பக்கத்திலிருந்து கப்பலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

பதில்:

நீங்கள் படித்தது தாமஸ் வெல்ஸ்பி கிளார்க் என்பவரைப் பற்றித்தான். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், நியூ ஃபார்ம் பகுதியில் 1920-ல் பிறந்தவர். கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார், போர் வந்ததும் கடற்படையில் சேர்ந்தார். தண்ணீருக்கடியில் ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பயிற்சி எடுத்தார். 1941 ஆகஸ்டில் எச்.எம்.ஏ.எஸ். சிட்னி என்ற போர்க்கப்பலில் ஏறினார். மூன்று மாதத்தில் கப்பல் மூழ்கியது, அதிலிருந்த 645 பேரும் போய்விட்டார்கள். அத்தனை பேரில் பின்னால் கண்டெடுக்கப்பட்டு அடக்கம் செய்யப்பட்ட உடல் ஒன்றே ஒன்று. அது யாருடையது என்பது 2021 நவம்பர் 19 அன்றுதான் அறிவிக்கப்பட்டது.

லாபம் யாருக்கு என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அவரைப் பெற்ற தாய்க்கு ஒரு லாபமும் இல்லை. அவர் காலத்துக்குள் அந்தச் செய்தி வரவில்லை, அதை எப்படிப் பூசி மெழுகினாலும் மாற்ற முடியாது. ஆனால் ஒருவர்கூடத் திரும்பாத கப்பலைப் பற்றிய நினைவு சும்மா அப்படியே இருந்துவிடாது. நடந்தது என்னவென்று தெரியாத இடத்தில் வதந்தி வந்து குடியேறும். சிட்னி விஷயத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் நடந்தது. அந்தப் பெயரைத் தேடியதன் நியாயம் அந்த வதந்திகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் கப்பல். சிட்னி சாதாரணக் கப்பல் இல்லை, ஆஸ்திரேலியர்களின் செல்லக் கப்பல். ஆறு அங்குலப் பீரங்கிகள் எட்டு கொண்ட குரூசர், அதாவது வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல். 1940 ஜூலையில் மத்தியதரைக் கடலில், கிரீட் தீவுப் பக்கம், பார்த்தோலோமியோ கொல்லியோனி என்ற இத்தாலியக் குரூசரை அடித்து மூழ்கடித்தது. 1941 பிப்ரவரியில் ஊர் திரும்பியபோது சிட்னி நகரத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு வரவேற்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அந்தக் கப்பல் காணாமல் போனபோது நாடே நம்ப மறுத்ததற்கு இந்தச் செல்லமும் ஒரு காரணம்.

(இதே பெயரில் இதற்கு முன்னால் இன்னொரு கப்பல் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனை நமக்குத் தெரியும். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே எம்டனை அடித்து முடக்கியது அந்த முதல் சிட்னிதான். நம் கதை இரண்டாவது சிட்னியைப் பற்றியது.)

1941 நவம்பர் 11 அன்று சிட்னி ஃப்ரீமான்டில் துறைமுகத்திலிருந்து படைவீரர்களை ஏற்றிச் சென்ற சீலாண்டியா என்ற கப்பலுக்குக் காவலாகக் கிளம்பியது. சுந்தா நீரிணைப் பக்கம் அதை இன்னொரு போர்க்கப்பலிடம் ஒப்படைத்துவிட்டு வீடு நோக்கித் திரும்பியது. 19-ஆம் தேதி மாலை நான்கு மணி சுமாருக்கு, மேற்கு ஆஸ்திரேலியக் கரையிலிருந்து வெகுதூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் கண்ணில் பட்டது. கேட்டதற்கு, தான் 'ஸ்ட்ராட் மலாக்கா' என்ற டச்சுக் கப்பல் என்றது. உண்மையில் அது கோர்மோரான். சரக்குக் கப்பல் வேஷத்தில் திரிந்த ஜெர்மன் வேட்டைக் கப்பல், மறைப்புத் தகடுகளுக்குப் பின்னால் ஆறு 15 செ.மீ. பீரங்கிகள். அதற்குள் பத்துக் கப்பல்களை மூழ்கடித்து, ஒன்றைப் பிடித்தும் வைத்திருந்தது.

சிட்னி நெருங்கி நெருங்கி வந்து, உன் ரகசிய அடையாளக் குறியைக் காட்டு என்று கேட்டது. நிஜ ஸ்ட்ராட் மலாக்காவுக்கு அது தெரிந்திருக்கும், கோர்மோரானுக்குத் தெரியாது. அதற்குள் இரண்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. வேஷம் கலைந்துவிட்டது என்று தெரிந்ததும் கோர்மோரானின் தளபதி டெட்மர்ஸ் ஜெர்மன் கொடியை ஏற்றிச் சுடச் சொன்னார். அப்போது மாலை ஐந்தரை மணி. அந்தத் தூரத்தில் குறி தப்பாது. சிட்னியின் மேல்தளம் சில நிமிடங்களில் சிதைந்தது, முன்பக்கத்தில் ஒரு டார்பிடோவும் பாய்ந்தது. சிட்னி திருப்பிச் சுட்டதில் கோர்மோரானின் எஞ்சின் அறை தீப்பிடித்தது. இரண்டு கப்பலுமே செத்துக்கொண்டிருந்தன. சிட்னி எரிந்தபடியே மெதுவாக விலகிப் போனது. ராத்திரி வெகுநேரம் வரை அடிவானத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை என்று பிடிபட்ட ஜெர்மானியர்கள் சொன்னார்கள்.

சிட்னியைக் கடைசியாகப் பார்த்தவர்கள் எதிரிகள் மட்டுமே. கோர்மோரானில் 318 பேர் பிழைத்தார்கள், சிட்னியில் ஒருவரும் இல்லை. ஒரு சரக்குக் கப்பல் வேஷத்துக்கு, பேர்போன போர்க்கப்பல் எப்படி ஏமாறும்? ஜெர்மானியர்கள் ஏன் உண்மை சொல்ல வேண்டும்? ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று ஒளிந்திருந்து அடித்தது, சரணடைவதாக வெள்ளைக் கொடி காட்டி ஏமாற்றினார்கள், தண்ணீரில் தத்தளித்தவர்களை எந்திரத் துப்பாக்கியால் சுட்டுச் சாட்சியை அழித்தார்கள், இப்படிப் பல கதைகள் கிளம்பின. அரசாங்கமும் தன் பங்குக்குக் காரியத்தைக் கெடுத்தது. வீடுகளுக்கு நவம்பர் 26 அன்று 'எதிரி நடவடிக்கையால் காணவில்லை' என்று தந்தி போனது. பத்திரிகைகளின் வாயைக் கட்டிப்போட்டார்கள். பிரதமர் கர்ட்டின் அறிவித்தது நவம்பர் 30-ல். இடையில் ஊர் முழுக்கக் குசுகுசுவென்று பேச்சு. அரசு எதையோ மறைக்கிறது என்ற சந்தேகம் அன்று முளைத்ததுதான், பேரப்பிள்ளைகள் காலம் வரை வளர்ந்தது.

இப்போது அந்த ஒரே உடலை ஏந்தி வந்த மிதவைக்கு வருவோம். கப்பலின் படகுகள் சண்டையிலேயே நொறுங்கியிருக்கும். மிஞ்சுவது கார்லி மிதவை. உள்ளே காற்று நிரம்பிய உலோகக் குழாயை நீள்வட்டமாக வளைத்து, மேலே மிதக்கும் பொருளும் கித்தானும் சுற்றி, நடுவில் மரச்சட்டம் கோத்திருப்பார்கள். உட்கார்ந்தால் இடுப்புவரை தண்ணீர். படகு என்று சொல்ல முடியாது, பிடித்துக்கொள்ள ஒரு வளையம் என்று வைத்துக்கொள்ளலாம். சண்டை நடந்து ஒன்பதாம் நாள் காலியான ஒரு கார்லி மிதவை கடலில் கிடைத்தது, குண்டுச் சிதறல் பட்டு ஓட்டை ஓட்டையாக. அது இப்போது கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது.

இன்னொரு மிதவை 1942 பிப்ரவரி 6 அன்று கிறிஸ்துமஸ் தீவுக்கு முன்னால் மிதந்து வந்தது. பாஸ்பேட் வெட்டி எடுக்கும் சின்னத் தீவு, அப்போது சிங்கப்பூர் நிர்வாகத்தின் கீழ் இருந்தது. கரையிலிருந்து பார்த்தவர்கள் முதலில் நீர்மூழ்கியோ என்று பயந்தார்கள் என்பார்கள். துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் படகு போய், ஃப்ளையிங் ஃபிஷ் கோவ் என்ற குடாவுக்கு இழுத்து வந்தது. உள்ளே ஒரு மனிதரின் உடல், முகம் தெரியாத நிலையில். உடுப்பு பாய்லர் சூட், அதாவது மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த வேலை உடுப்பு. நீலமாக இருந்து வெயிலில் வெள்ளையாக வெளுத்திருந்தது. மிதவையின் அடியில் கடல்சிப்பிகள் ஒட்டி வளர்ந்திருந்தன, பல வாரமாகத் தண்ணீரில் கிடந்தது என்பதற்கு அது அத்தாட்சி. உலோகப் பகுதியில் ஆஸ்திரேலியத் தயாரிப்பு என்ற முத்திரை. பக்கத்தில் காலணி கிடந்தது. அது இறந்தவருடையதல்ல என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது சரியென்றால் மிதவையில் இன்னொருவரும் இருந்திருக்கிறார். காயம்பட்ட கிளார்க்கை அவர்தான் தூக்கிப் போட்டாரா, இல்லை இவரே ஏறினாரா, சொல்ல ஆள் இல்லை.

சண்டை நடந்த இடத்துக்கும் தீவுக்கும் நேர்கோட்டில் சுமார் 1,800 கிலோமீட்டர். அங்கே கடல் நீரோட்டம் மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் வடக்கே போய், தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றின் தள்ளலில் வடமேற்காகத் திரும்பும். 79 நாளில் அவ்வளவு தூரம் என்றால் மணிக்கு ஒரு கிலோமீட்டர் சுமார். கடலறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் போருக்குப் பின் கடற்படை அதிகாரிகள், அந்த மிதவை சிட்னியுடையதாக இருக்க முடியாது என்ற முடிவோடு பல பத்தாண்டுகள் இருந்தார்கள்.

தீவில் இருந்தவர்கள் விசாரணை நடத்தி, ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஆனால் நேரம் சரியில்லை. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 31-ல் ஜப்பானியர்கள் கிறிஸ்துமஸ் தீவிலேயே இறங்கினார்கள். விசாரணைக் காகிதங்கள் தொலைந்தன. கல்லறை மேல் காடு மண்டியது. முன்பின் தெரியாத ஒருவரை, தங்கள் தலைக்கு மேலேயே கத்தி தொங்கிய நேரத்தில், முறைப்படி புதைத்தார்கள் பாருங்கள், அது பெரிய காரியம். அவர்கள் அவசரத்துக்கு ஒரு குழி தோண்டித் தள்ளியிருந்தால் பின்னால் எந்த விஞ்ஞானமும் உதவியிருக்காது.

1990-களின் கடைசியில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு சிட்னி விவகாரத்தை விசாரித்து, அந்தக் கல்லறையைத் தேடச் சொன்னது. 2001-ல் ஒரு குழு போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. 2006-ல் கூடுதல் தகவல்களோடு போனவர்களுக்குக் கிடைத்தது. பெட்டிக்குள் கால்கள் மடங்கிய நிலையில் எலும்புக்கூடு. மிதவையில் இருந்த நிலையிலேயே உடல் இறுகிப்போயிருந்ததால் அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள் என்று தெரிகிறது. கூடவே உடுப்பின் அழுத்துப் பித்தான்கள், துணித் துணுக்குகள்.

மண்டை ஓட்டில் ஒரு உலோகத் துண்டும் இருந்தது. 'துப்பாக்கிக் குண்டு' என்று செய்தி பரவியது. எந்திரத் துப்பாக்கிக் கதைக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள், இதோ ஆதாரம் என்று. ஆய்வகத்தில் சோதித்தால் அது ஜெர்மன் பீரங்கிக் குண்டின் சிதறல். சண்டையில் பட்ட காயம். மிதவையில் வைத்து யாரும் அவரைச் சுடவில்லை. விரல் நுனி அளவு இரும்பு, அறுபத்தைந்து வருஷத்துப் பழியில் பாதியைத் துடைத்தது.

மீதிப் பாதியைத் துடைத்தது கப்பலே. 2008 மார்ச்சில் டேவிட் மேர்ன்ஸ் தலைமையிலான தேடல் குழு முதலில் கோர்மோரானையும், சில நாள் கழித்துச் சிட்னியையும் கண்டுபிடித்தது. ஏறக்குறைய 2,500 மீட்டர் ஆழம், இரண்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம். சிட்னியின் முன்பகுதி முறிந்து தனியாகக் கிடந்தது, டார்பிடோ பட்ட இடம். கப்பலின் உடலில் 80-க்கும் மேற்பட்ட 15 செ.மீ. குண்டு அடிகளை எண்ணினார்கள். படகு என்று எதுவும் உருப்படியாக மிஞ்சியிருக்க வழியில்லை. ஒருவர்கூட ஏன் பிழைக்கவில்லை என்ற கேள்விக்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை. நீதிபதி டெரன்ஸ் கோல் தலைமையிலான விசாரணையும் 2009-ல் அதைத்தான் சொன்னது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. பிடிபட்ட ஜெர்மன் மாலுமிகள் 1941-லேயே இடத்தைச் சொல்லிவிட்டார்கள்: 26 டிகிரி தெற்கு, 111 டிகிரி கிழக்கு. தளபதி டெட்மர்ஸ் விக்டோரியா மாநிலத்தில் சிறை முகாமில் இருந்தபோது சண்டை அறிக்கையை ஓர் அகராதிக்குள் ஒளித்து எழுதினார். புதிதாக ஒரு வரியும் எழுதவில்லை. அச்சிட்ட எழுத்துகளுக்கு அடியில் பென்சிலால் நுணுக்கமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனார். புள்ளி வைத்த எழுத்துகளைக் கோத்துப் படித்தால் அறிக்கை. மேர்ன்ஸ் குழு அந்த ஜெர்மன் சாட்சியத்தை நம்பித் தேடியது, கப்பல் கிட்டத்தட்ட அங்கேயே இருந்தது. அறுபத்தாறு ஆண்டுகளாகத் தேடப்பட்ட உண்மையை எதிரி முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கிறார், கேட்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

சரி, பெயர் எப்படிக் கிடைத்தது? எலும்பைப் பார்த்து இளைஞர் என்று சொல்லலாம், உயரம் சொல்லலாம். 645 பேரில் பெரும்பாலோர் இளைஞர்கள்தான், அது போதாது. கடற்படையின் பல் மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்களைக் கழித்தார்கள். அப்புறம் பல்லிலிருந்து மரபணு எடுத்தார்கள். பல்லின் மேல்பூச்சு கெட்டியானது, உள்ளே இருப்பதை நெடுநாள் காப்பாற்றும். அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் தொல்மரபணு ஆய்வகத்தில் அந்த வேலை நடந்தது. சிவந்த முடி, நீலக் கண், வெளிறிய தோல் என்றுகூட மரபணுவிலிருந்து சொல்ல முடிந்தது.

ஆனால் கிடைத்த மரபணுவை யாரோடு ஒப்பிடுவது? செத்தவருக்கு 21 வயது. பிள்ளைகுட்டி கிடையாது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. இங்கே நம் உறவுமுறைச் சொற்கள் விஞ்ஞானத்தை எளிதாக்குகின்றன. மைட்டோகாண்ட்ரியா என்ற ஒரு வகை மரபணு, தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும். ஆண் அதை வாங்கிக்கொள்வான், தன் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டான். ஆக, இறந்த மாலுமியிடம் இருக்கும் அதே மைட்டோகாண்ட்ரியா அவருடைய அக்கா தங்கை வயிற்றுப் பிள்ளைகளிடம் இருக்கும். பெரியம்மா, சித்தி பிள்ளைகளிடம் இருக்கும். அத்தை பிள்ளைகளிடம் இருக்காது, மாமா பிள்ளைகளிடமும் இருக்காது. ஒய் குரோமோசோம் இதற்கு நேர்மாறு, அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். பெரியப்பா மகன், சித்தப்பா மகன், அவர்கள் பேரன், சுருக்கமாகச் சொன்னால் பங்காளி வழி. ஆங்கிலத்தில் எல்லாருமே 'கசின்' என்பதால் அங்கே இதைப் படம் போட்டு விளக்குகிறார்கள். நம் பாட்டிக்கு ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

ஆய்வகத்தை விட இந்த வம்சாவளி வேலைதான் கஷ்டம். பெண் வழியில் ஒவ்வொரு தலைமுறைக்கும் திருமணத்தோடு குடும்பப் பெயர் மாறும். பழைய திருமணப் பதிவு, பிறப்புப் பதிவு, கல்லறைப் பதிவு என்று நூல் பிடித்துப் போய், எண்பது ஆண்டு கழித்து உயிரோடிருக்கும் ஒரு உறவினரைக் கண்டுபிடித்து, முன்பின் தெரியாத அவரிடம் போய், உங்கள் எச்சில் மாதிரி கொஞ்சம் தருவீர்களா என்று கேட்க வேண்டும். இது 2006-லிருந்து 2021 வரை இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கடைசியில் தாய் வழி, தகப்பன் வழி இரண்டுமே கிளார்க் குடும்பத்தில் பொருந்தின. சிட்னி மூழ்கி சரியாக 80 ஆண்டு நிறைந்த அன்று, கான்பெராவில் பெயரை அறிவித்தார்கள்.

இனி, உங்கள் 'யாருக்கு லாபம்' கேள்விக்கு எதிர்ப்பக்க நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அது லேசானதல்ல. 2008 நவம்பர் 19 அன்று அந்த உடலை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்டன் போர்க் கல்லறையில் மறு அடக்கம் செய்தார்கள். பெயர் இல்லாத கல்லறை. பெயர் இல்லாததால் அது எல்லாருடையதாகவும் இருந்தது. 645 குடும்பங்களில் யார் வந்து நின்றாலும், இது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம் என்று பூ வைக்கலாம். பெயர் வெளியான அன்று ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது, 644 குடும்பங்களுக்கு அந்த 'இருக்கலாம்' போய்விட்டது. இதை நினைத்து, அப்படியே விட்டிருக்கலாமே என்று சொல்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் நான் அந்தக் கட்சி இல்லை. முகமில்லாத மாலுமி எல்லாருக்கும் வசதி. மேடையில் பேசுபவருக்கு வசதி, அரசுக்கு வசதி. சதிக்கதை எழுதுபவருக்கு ரொம்பவே வசதி, எலும்பில் தனக்கு வேண்டியதை ஏற்றிக்கொள்ளலாம். கணக்கு வேலையை விட்டுவிட்டு வந்த, நீர்மூழ்கியின் ஒலியைக் கேட்கப் பழகிய, கப்பலில் மூன்று மாதம் மட்டுமே இருந்த, சிவப்பு முடிக்கார பிரிஸ்பேன் பையன் என்று தெரிந்த பிறகு அவரை வைத்து யாரும் இஷ்டத்துக்குக் கதை கட்ட முடியாது. நடுகல்லிலேகூடப் பெயரும் பீடும் எழுதித்தானே நட்டார்கள் நம் ஆட்கள், வெறுங்கல்லாக விட்டுவிடவில்லையே.

மற்ற 644 பேருக்கும் ஜெரால்டனில் ஓர் இடம் உண்டு. ஊருக்கு மேலே ஸ்காட் குன்றில் சிட்னி நினைவிடம். குவிமாடம் முழுக்கத் துருப்பிடிக்காத எஃகில் செய்த 645 கடற்காகங்கள், ஆளுக்கொன்று. இடத்தைப் புனிதப்படுத்திய நாளில் இறுதி வணக்க ஊதல் ஒலித்தபோது கடற்காகக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே பறந்து போனதாம், சிற்பிகளுக்கு யோசனை அங்கிருந்து வந்தது. கொஞ்சம் தள்ளி வெண்கலத்தில் ஒரு பெண் சிலை. காற்றில் தொப்பியைப் பிடித்தபடி, கடலைப் பார்த்துக் காத்து நிற்கிறாள். கப்பல் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏழு ஆண்டு முன்பே அந்தச் சிலையை வைத்துவிட்டார்கள். அவள் பார்க்கும் திசையில்தான் கப்பல் கிடந்தது என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். 2011-ல் சின்னக் குளம் ஒன்றும் சேர்த்தார்கள். தரையில் பதித்த கடற்காகங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் தண்ணீருக்குள் தலைகுப்புறப் பாய்கிறது, அதன் இறக்கை நுனி கப்பல் கிடக்கும் இடத்தின் ஆயத்தொலைவைத் தொடுகிறது. நினைவிடங்களில் பெரும்பாலும் எனக்கு அலுப்புத்தான் வரும், இதில் வரவில்லை. 645 என்று எண்ணாக எழுதியிருந்தால் கடந்து போயிருப்போம். ஒவ்வொன்றாகச் செய்து மாட்டியிருக்கிறார்கள்.

பெயர்ப் பலகை மட்டும் வேண்டுமென்றால் அது இங்கிலாந்தில், ப்ளிமத் கடற்படை நினைவுச் சின்னத்தில். கல்லறை இல்லாமல் கடலில் போன ஆஸ்திரேலியக் கடற்படையினரின் பெயர்களை அங்கேதான் பொறித்தார்கள். பிரிஸ்பேனில் பிறந்து இந்தியப் பெருங்கடலில் செத்தவரின் பெயரைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருந்தது, அந்தக் காலத்துப் பேரரசு நிர்வாகம் அப்படி.

கடைசியாக, நம் பக்கத்து ஆட்கள். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் இந்தியர்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். லஸ்கர் என்பார்கள். சில்ஹெட், சிட்டகாங், கொங்கணம், கோவா ஆட்கள் அதிகம். கரி அள்ளிப் போடுவதும் அடுப்பைக் கிளறுவதும் இவர்களில் பலருக்கு வேலை. டார்பிடோ பாய்ந்தால் முதலில் தண்ணீர் ஏறும் இடம் எஞ்சின் அறை. இரண்டாம் உலகப் போரில் கடலில் போய், கல்லறை இல்லாத இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளும் ராயல் இந்தியக் கடற்படையினரும் சேர்ந்து ஆறாயிரத்துக்கும் மேல். இவர்களுக்கான பெயர்ப் பட்டியல் கல்லில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது. ஒரு பிரதி மும்பையில், இன்னொன்று சிட்டகாங்கில். ஆஸ்திரேலியர்கள் ஒரு உடலுக்குப் பதினைந்து ஆண்டு செலவிட்டதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

உங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது இருந்து கேட்கிறீர்கள் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர் எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். அன்றைய வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முருகேசன் என்பவர் நான்கு விதமாக இருக்கலாம், இனிஷியல் பெயராகவும் பெயர் இனிஷியலாகவும் மாறியிருக்கலாம். பெயரை விடக் கப்பலின் பெயரும் மூழ்கிய தேதியும் உறுதியான பிடி. வீட்டில் பழைய தந்தியோ, கம்பெனிக் கடிதமோ, ஓய்வூதியக் காகிதமோ இருந்தால் முதலில் அதில் கப்பல் பெயரைத் தேடுங்கள். கப்பல் தெரிந்துவிட்டால் அது எங்கே, எப்படி மூழ்கியது என்பதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அதே தேதியில் அதே கப்பலில் இறந்தவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எழுத்தில் அடையாளம் தெரியாத பெயர் பல நேரம் காதில் பிடிபடும். தகப்பன் பெயரும் சில பதிவுகளில் இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.